மூச்சை எண்ணிய கதை

கொஞ்சம் நீளமான இழை. வீட்ல அஞ்சு வயசுக்குக் கீழ குழந்தை இருந்தா கடைசி வரைக்கும் படிங்க.

மழை ஆரம்பிச்சாச்சு. ஐப்பசி, கார்த்திகை வந்தாலே புதுச்சேரியில எந்தக் குழந்தைகள் ஓ.பி. வாசல்ல நின்னாலும் இருமல் சத்தம்தான். அதுல பெரும்பாலானது சாதாரண வைரஸ் சளி. ஒரு வாரம், பத்து நாள்ல தானா அடங்கிடும். ஆனா அதே வரிசையில ஒரு சில குழந்தைகளுக்கு நிமோனியா இருக்கும். அந்தச் சிலரை எப்படிப் பிரிச்செடுக்கிறது? இதுக்கு ஒரு எளிமையான விடை கிடைக்க ஏறத்தாழ 170 வருஷம் ஆச்சு. அந்தக் கதையில நம்ம பக்கத்து ஊர் வேலூருக்கும் பெரிய பங்கு இருக்கு.

1816. பாரிஸ்ல நெக்கேர் மருத்துவமனை. ரெனே லேனக் என்ற டாக்டர், ஒரு இளம்பெண்ணோட நெஞ்சுல நேரடியா காதை வைச்சுக் கேட்கக் கூச்சப்பட்டு, ஒரு காகிதக் கட்டை இறுக்கிச் சுருட்டி அதுவழியா கேட்டார். இதயச் சத்தம் முன்னைவிடத் தெளிவா கேட்டுச்சு. ஸ்டெதஸ்கோப் பிறந்தது இப்படித்தான். 1819ல் அவர் புத்தகம் வந்தது. நுரையீரல்ல சளியும் நீரும் கோத்தா என்ன சத்தம் வரும்னு அதுல பிரிச்சுப் பிரிச்சு எழுதியிருந்தார். அந்தப் புத்தகம் வந்து நாலே வருஷத்துல, 1823ல், பிரெஞ்சுக்காரங்க பாண்டிச்சேரியில ஒரு மருத்துவப் பள்ளி தொடங்கினாங்க. 1956ல் அது தன்வந்திரி மருத்துவக் கல்லூரி ஆச்சு, 1964ல் ஜிப்மர் ஆச்சு. கோரிமேட்டுக்கு இன்னைக்கும் பஸ் பிடிச்சுப் போறோமே, அதோட வேர் அங்கேர்ந்துதான் வருது.

ஸ்டெதஸ்கோப் அருமையான கருவிதான். ஆனா எட்டு மாசக் குழந்தை நெஞ்சுல வைச்சுப் பாருங்க. வைச்ச உடனே வீறிடும். அழுகைச் சத்தத்துக்கு நடுவுல நுரையீரல் சத்தத்தைப் பிடிக்கணும். ஒரு டாக்டர் "கேட்குது"ம்பார், இன்னொருத்தர் "இல்லையே"ம்பார். டாக்டரே இல்லாத ஊர்ல என்ன பண்றது? எக்ஸ்ரேவும் கிடையாது. நிமோனியாவுல அதிகமா செத்ததே அப்படிப்பட்ட ஊர்க் குழந்தைகள்தான்.

இந்த முடிச்சை அவிழ்க்க ஆரம்பிச்சவர் பப்புவா நியூ கினியாவுல வேலை பார்த்த ஃபிராங்க் ஷான். மலைக்காட்டு ஊர்கள், பார்த்துக்க சில மாசப் பயிற்சி மட்டுமே பெற்ற சுகாதாரப் பணியாளர்கள். இருமலோட வர்ற குழந்தை நிமிஷத்துக்கு 50 தடவைக்கு மேல மூச்சு வாங்கினா அது நிமோனியாவா இருக்க வாய்ப்பு அதிகம்னு 1984ல் எழுதினார்.

காரணம் ஒண்ணும் மாயமில்ல. நிமோனியாவுல நுரையீரலோட சின்னச் சின்னக் காற்றுப் பைகள்ல நீர் கோத்துக்கும். நுரையீரல் விறைச்சுப் போகும். ஆழமா இழுக்க முடியாத குழந்தை, மேலோட்டமா, வேகவேகமா இழுத்துச் சமாளிக்கும்.

அடுத்தது வேலூர். சி.எம்.சி.யில தாமஸ் செரியன், ஜேக்கப் ஜான், எரிக் சிமோஸ், மார்க் ஸ்டைன்ஹாஃப் அடங்கின குழு இந்தக் கணக்கை நம்ம ஊர்க் குழந்தைகள்ட்ட சோதிச்சுப் பார்த்தது. 1988ல் லான்செட்ல வெளியானது. ஒரு வயசுக்குள்ள 50க்கு மேல, ஒண்ணுலேர்ந்து மூணு வயசுக்குள்ள 40க்கு மேல. இந்த ரெண்டு எண்ணும் நல்லா வேலை செய்யுதுன்னு காட்டினாங்க. எல்லாருக்கும் ஒரே 50ன்னு வைச்சா பெரிய குழந்தைகள்ல பல பேரை விட்டுடுவோம். மூச்சு இழுக்கும்போது நெஞ்சு உள்ளே பள்ளம் விழுறதும் நம்பகமான அறிகுறியா வந்தது.

எனக்கு அந்தக் கட்டுரையில ரொம்பப் பிடிச்சது வேற ஒண்ணு. "புள்ள வேகமா மூச்சு வாங்குது டாக்டர்"னு வீட்ல உள்ளவங்க சொல்றதையும் ஒரு அறிகுறியா எடுத்து அளந்தாங்க. அதுவும் நம்பத் தகுந்ததுன்னு வந்துச்சு. ஓ.பி. நெரிசல்ல ஒரு அம்மா இதைச் சொன்னா "எல்லாம் சளிதாம்மா"ன்னு தள்ளிடக் கூடாதுங்கிறதுக்கு 1988லேர்ந்தே ஆதாரம் இருக்கு.

பிறகு உலக சுகாதார நிறுவனம் ஏத்துக்கிட்ட கணக்கு இதுதான், குறிச்சு வைச்சுக்கோங்க: 2 மாசத்துக்குள்ள 60, 2 மாசத்துலேர்ந்து ஒரு வயசு வரை 50, ஒண்ணுலேர்ந்து அஞ்சு வயசு வரை 40. இந்த அளவைத் தொட்டாலோ தாண்டினாலோ வேக மூச்சு.

மகாராஷ்டிரா கட்சிரோலியில அபய் பங், ராணி பங் தம்பதி இதைக் கிராமத்துக்கே கொண்டு போனாங்க. அங்கே பிரசவம் பார்க்கிற பெண்கள்ல பல பேருக்கு ஒரு டஜனுக்கு மேல எண்ணத் தெரியாது. அதனால மணி கோத்த ஒரு சட்டம் செஞ்சு கொடுத்தாங்க. பத்து மூச்சுக்கு ஒரு மணியைத் தள்ளணும். கூடவே ஒரு நிமிஷ மணல் கடிகாரம். மணல் தீர்றதுக்குள்ள சிவப்பு மணி வந்துட்டா நிமோனியா, மருந்து கொடு. 1990ல் வந்த முடிவுப்படி, திட்டம் நடந்த ஊர்கள்ல நிமோனியா சாவு மத்த ஊர்களைவிடப் பாதி அளவுதான். ஒரு மணிச்சட்டம், ஒரு மலிவான ஆன்டிபயாடிக், சொல்லிக் கொடுக்க ஆள். எந்தப் பெரிய மெஷினும் இல்ல.

இது பழைய கதைன்னு நினைக்காதீங்க. 2019ல் மட்டும் உலகம் முழுக்க அஞ்சு வயசுக்குள்ள ஏறத்தாழ 7 லட்சத்து 40 ஆயிரம் குழந்தைகள் நிமோனியாவுல இறந்திருக்காங்க.

சரி, எப்படி எண்ணுறது? குழந்தை தூங்கும்போது, இல்ல அமைதியா இருக்கும்போது சட்டையைத் தூக்கி வயிறும் நெஞ்சும் தெரிய விடுங்க. வயிறு ஒரு தடவை ஏறி இறங்கினா ஒண்ணு. மொபைல்ல டைமர் போட்டு முழுசா ஒரு நிமிஷம் எண்ணுங்க. அரை நிமிஷம் எண்ணி ரெண்டால பெருக்காதீங்க. கைக்குழந்தை மூச்சு சீராவே இருக்காது, கொஞ்சம் வேகமா வரும், கொஞ்சம் நிக்கும். அழும்போது, பால் குடிக்கும்போது எண்ணினா கணக்கு தப்பும்.

பாட்டிகள்கிட்ட ஒரு வேண்டுகோள். குளிப்பாட்டும்போது மூக்குல எண்ணெய் விடாதீங்க. தென்னிந்தியக் குழந்தைகள்ட்ட எண்ணெய் நுரையீரலுக்குள்ள போய் வர்ற நிமோனியா பற்றி 1973லேயே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல கட்டுரை வந்திருக்கு. அதுக்கு ஆன்டிபயாடிக் உதவாது. எண்ணெயை உடம்புல தேய்ங்க, தாராளமா.

இருமல் சிரப்பும் வேண்டாம். நிமோனியாவை அது குணமாக்காது. 2025ல் மத்தியப் பிரதேசத்துல குழந்தைகளைக் கொன்ன சிரப் நம்ம காஞ்சிபுரம் பக்கம் தயாரானதுங்கிறது எல்லாருக்கும் தெரியும்.

தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்க. 6, 10, 14 வாரத்துல பென்டாவேலன்ட். 6 வாரம், 14 வாரம், 9 மாசத்துல நிமோகாக்கல் ஊசி. முன்னாடி தனியார்ல ஆயிரக்கணக்குல செலவாகும். 2021லேர்ந்து நாடு முழுக்க அரசு மையங்கள்ல இலவசம்.

கமென்ட்ல அடிக்கடி வர்ற கேள்வி: "ராத்திரி ரெண்டு மணிக்கு எண்ணினேன், பத்து மாசக் குழந்தைக்கு 54 வருது. பால் குடிக்கிறான். காலையில வரலாமா டாக்டர்?" காய்ச்சல் அடிச்சா பாராசிட்டமால் கொடுத்து, காய்ச்சல் இறங்கினதும் ஒரு தடவை எண்ணிப் பாருங்க. அப்பவும் 50க்குக் கீழ வரலேன்னா விடியறதுக்குக் காத்திருக்க வேண்டாம், கிளம்புங்க. நெஞ்சு பள்ளம் விழுந்தாலோ, பால் குடிக்கலேன்னாலோ, துவண்டு கிடந்தாலோ, உதடு நீலமானாலோ, ரெண்டு மாசத்துக்குள்ள உள்ள குழந்தைக்கு 60 வந்தாலோ, மருந்து கொடுத்துட்டுக் காத்திருக்கிற வேலையே வேண்டாம். நேரா கேஷுவால்டி. ராத்திரியும் திறந்துதான் இருக்கும். வாசல்லயே "நிமிஷத்துக்கு 54"னு எண்ணைச் சொல்லுங்க.