பல்வலி நின்றால் பல் பிழைத்ததா? வேர் சிகிச்சையில் உள்ளே வைப்பது என்ன?

காசிமேட்டில் விடியுமுன் மீன் ஏலத்துக்கு நிற்பவரும், எண்ணூரில் நைட் ஷிஃப்ட் பார்ப்பவரும் பல்வலி வந்தால் முதலில் தேடுவது மருந்துக்கடை மாத்திரையைத்தான். நாலைந்து நாளில் வலி நின்றுவிடும். "சரியாயிடுச்சு ஹஜ்ரத்" என்பார்கள். பல நேரங்களில் சரியாகியிருக்காது. பல்லின் நடுவே நரம்பும் இரத்தக் குழாய்களும் சேர்ந்த கூழ் இருக்கிறது. அது செத்துப்போனாலும் வலி நிற்கும். கிருமியோ வேர்நுனி வழியே தாடை எலும்புக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். பிறகு ஒருநாள் கன்னம் வீங்கிச் சீழ் கட்டும். செத்த கூழுக்கு இரத்த ஓட்டம் இல்லை. ஆகவே ஆன்டிபயாடிக் மாத்திரை அந்த இடத்துக்குப் போய்ச் சேராது. மிச்சம் இரண்டே வழிகள்: பல்லைப் பிடுங்குவது, அல்லது வேருக்குள் சுத்தம் செய்து அடைப்பது. இரண்டாவதுதான் ரூட் கேனால் எனும் வேர் சிகிச்சை.

"ஏதேதோ கெமிக்கலை உள்ளே வைத்து அடைக்கிறார்களாமே" என்று நம்மிடம் கேட்போர் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் இதில் அடைப்பதைவிடச் சுத்தம் செய்வதுதான் பெரிய வேலை.

மரத்துப்போக ஊசி போட்டபின் பல்லைச் சுற்றி ஒரு ரப்பர் திரையை மாட்டுவார்கள். எச்சில் உள்ளே போகாமலும், மருந்தோ கருவியோ தொண்டைக்குள் விழாமலும் அது காக்கும். சில இடங்களில் இதைத் தவிர்த்துவிடுகிறார்கள், தயங்காமல் கேளுங்கள். பிறகு ஃபைல் எனப்படும் நுண்ணிய அரங்களால் வேர்க்குழாயைச் சுரண்டி அகலப்படுத்துவார்கள். 25ஆம் எண் ஃபைலின் நுனி கால் மில்லிமீட்டர்தான். முன்பல்லில் பெரும்பாலும் ஒரு குழாய். கடைவாய்ப் பல்லில் மூன்று, சிலருக்கு நான்கு. ஒன்று விட்டுப்போனாலும் நோய் திரும்பும். குழாயின் நீளத்தை எக்ஸ்ரேயாலும், மின்கருவியாலும் அளப்பார்கள். முன்பு ஸ்டீல் ஃபைல் மட்டுமே இருந்தது. 1988இல் நிக்கல்-டைட்டானியம் கலவையில் ஃபைல் செய்து பார்த்தார்கள். வளைந்த வேரிலும் அது வளைந்து போகிறது.

அரம் தொடாத மூலைகளைத் திரவம் கழுவுகிறது. சோடியம் ஹைப்போகுளோரைட், அதாவது வெள்ளைத் துணிக்குப் போடும் பிளீச்சில் உள்ள அதே பொருள், கிருமியைக் கொன்று செத்த திசுவையும் கரைக்கிறது. வேர்நுனியைத் தாண்டிப் போனால் கடுமையாகப் புண்ணாக்கும் என்பதால் மெதுவாகத்தான் செலுத்த வேண்டும். ஒரே நாளில் முடியாவிட்டால் இடையில் கால்சியம் ஹைட்ராக்சைடு வைப்பார்கள். வெற்றிலைக்குத் தடவுகிறோமே, அந்தச் சுண்ணாம்பின் வேதிப்பொருள்தான். அதற்காக வீட்டுச் சுண்ணாம்பைப் பல்லில் வைத்துவிடாதீர்கள், ஈறு வெந்துவிடும்.

கடைசியாக அடைப்பது குட்டா பெர்ச்சா. மலாய் நாட்டு மரம் ஒன்றின் பால் இது. நம் மரைக்காயர்கள் கப்பலேறிய பினாங்குக்குச் சென்னையிலிருந்து 1870-71இல் கடலடித் தந்திக் கம்பி போட்டார்கள். அக்காலக் கடலடிக் கம்பிகளுக்கு உறையாக இருந்ததும் இதே மரப்பால்தான். உப்புநீரில் கெடாத அந்தப் பொருள்தான் பல்லுக்குள்ளும் வந்தது. இன்றைய குச்சியில் பெரும்பங்கு துத்தநாக ஆக்சைடு. எக்ஸ்ரேயில் தெரிவதற்காக பேரியம் உப்பும் சேர்ப்பார்கள். குச்சிக்கும் சுவருக்கும் இடையிலுள்ள சந்தை ஒரு பசை அடைக்கும். பழைய வகைப் பசையில் கிராம்புத் தைலத்தின் யூஜினால் இருக்கும். பல் மருத்துவமனை வாசனை என்று நாம் சொல்வது அதைத்தான்.

அடைத்ததோடு வேலை முடிவதில்லை. குடைந்த கடைவாய்ப் பல் பலவீனமாகிவிடும், அதற்குக் கேப் போட வேண்டும். காசை நினைத்து இதைத் தள்ளிப்போட்டு, நல்லி எலும்பைக் கடித்துப் பல் வேர்வரை பிளந்து, கடைசியில் பிடுங்கியவர்களை நாம் பார்த்திருக்கிறோம்.

செலவுக்கு அஞ்சுவோருக்கு, கோட்டை ரயில் நிலையம் அருகே 1953இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. திருவொற்றியூர், எண்ணூர்க்காரர்கள் பீச் ஸ்டேஷனில் வண்டி மாறினால் அடுத்த நிறுத்தம். சில தடவை அலைய வேண்டியிருக்கும்.

நோன்பில் செய்யலாமா? பல்லைக் குடைவதும் பிடுங்குவதும், தொண்டைக்குள் எதையும் விழுங்காதவரை நோன்பை முறிக்காது என்று 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி தீர்மானித்தது. சிகிச்சையில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருப்பார்கள் என்பதால் இஃப்தாருக்குப் பின் நேரம் வாங்குவது பேணுதல். கன்னம் வீங்கியிருந்தால் பெருநாள் கழியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.