கண்ணாடியின் முதுகு

கண்ணாடி வாங்குகிறவர்கள் முன்பக்கத்தைத்தான் பார்ப்பார்கள். ஆனால் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு கொரியாவில் இருந்த ஒரு வெண்கல வார்ப்புக்காரன், தன் வித்தை முழுவதையும் கண்ணாடியின் முதுகிலே செலவழித்துவிட்டுப் போயிருக்கிறான்.

அந்தக் கண்ணாடி சியோல் நகரில் சூங்சில் பல்கலைக்கழகத்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. குறுக்களவு 21.2 சென்டிமீட்டர், ஒரு சாப்பாட்டுத் தட்டைவிடச் சிறிது. அதன் முதுகில் 13,000-க்கு மேற்பட்ட கோடுகள்! வட்டத்துக்குள் வட்டம், இடையே முக்கோணங்கள், அவற்றுக்குள் நெருக்கியடித்துச் சாய்கோடுகள். கோட்டுக்கும் கோட்டுக்கும் இடைவெளி 0.3 மில்லிமீட்டர்தான். உளியால் செதுக்கியவை அல்ல, வார்ப்பிலேயே வந்தவை.

முதலில் அந்நாட்டார் மாக்கல்லைக் குடைந்துதான் அச்சுச் செய்தார்கள். இரண்டு கற்களைப் பொருத்தி இடையே உருகிய வெண்கலத்தை ஊற்றினார்கள். குத்துவாள், கோடரி, தூண்டில் முள், ஊசி வரை அப்படி வார்த்த அச்சுகள் கிடைத்திருக்கின்றன. கல்லச்சு சிக்கனமானது, ஒருமுறை குடைந்தால் பலமுறை ஊற்றலாம். ஆனால் அதில் வார்த்த கண்ணாடிகளில் கோடுகள் தடிப்பாகவே விழுந்தன. நம் வார்ப்புக்காரனுக்கு அது போதவில்லை. 2007, 2008-ஆம் ஆண்டுகளில் கண்ணாடியைச் சீர்செய்து ஆராய்ந்தவர்கள், அவன் நுண்மணல் அச்சில் வார்த்தான் என்று முடிவு கட்டினார்கள். வார்ப்பை எடுத்தால் மணலச்சு உதிர்ந்துபோகும். அத்தனை கோடும் ஒரே ஒரு தடவைக்கு!

உலோகத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெள்ளீயம். அதனால்தான் வெள்ளியைப் போல் மின்னியிருக்கிறது. வாளுக்கு இவ்வளவு சேர்த்தால் ஒரே குத்தில் ஒடிந்துவிடும். கண்ணாடிக்கும் அந்த அபாயம் உண்டு. கீழே விழுந்தால் சில்லுதான். தெரிந்தேதான் துணிந்திருக்கிறான்.

இப்படிப்பட்ட பொருள்களைத் தலைவர்களோடு சேர்த்துப் புதைத்தார்கள். 1971-ல் ஹ்வாசுன் வட்டாரத்தில் ஒரு கிராமத்துக் கிழவர் வீட்டருகே வடிகால் வெட்டியபோது கண்ணாடிகளும் குத்துவாள்களும் கிலுகிலுப்பைகளும் வெளிப்பட்டன. நம் தெருவில் பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுப்பார்களே, அங்கே அப்போது அதற்கு ஒருவகை மிட்டாய் கொடுக்கும் வியாபாரி இருந்தான். கிழவர் எல்லாவற்றையும் அவனிடம் போட்டுவிட்டார். மேற்கொண்டு உலைக்குப் போயிருக்க வேண்டியது. அந்த மனிதனுக்கு என்ன தோன்றியதோ, மூட்டையைத் தூக்கிக்கொண்டு மாகாண அலுவலகத்துக்குப் போய் ஒப்படைத்துவிட்டான்.

2008-ல் அதே குழியை மறுபடி தோண்டினார்கள். இன்னும் இரண்டு குத்துவாள்கள் அங்கே கிடந்தன.