மல்லியபிள் வார்ப்பிரும்பு: அச்சும் பதனிடும் உலையும்

உருக்கி வார்த்த நிலையில் எளிதில் நொறுங்கும் வெள்ளை வார்ப்பிரும்பை நெடுநேரம் செந்தணலில் காய்ச்சி, பின்னர் மெல்ல ஆறவிட்டு, சம்மட்டி அடிக்கும் வளைந்துகொடுக்கும் குணத்தை அதற்கு ஏற்றினால் கிடைப்பதே மல்லியபிள் வார்ப்பிரும்பு. அச்சைத் தேர்வது ஒரு காரியம், பதனிடும் உலையைத் தேர்வது வேறொரு காரியம் என்று பிரித்தெண்ண இத்தொழிலில் இடமில்லை. அச்சு எத்தனை விரைவில் சூட்டை வாங்குகிறதோ, அதைப் பொறுத்தே உலையால் சாதிக்கக்கூடியதும் அமைகிறது.

இவ்வித்தை முதலில் தோன்றிய இடம் சீனம். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டளவிலேயே அங்கு வார்ப்பிரும்பைக் காய்ச்சிப் பதப்படுத்தினர் என்பதற்கு அகழ்ந்தெடுத்த கருவிகள் சான்றாக உள்ளன. ஹபெய் மாகாணத்துச் சிங்லொங்கில் 1953-இல் அகப்பட்ட பண்டை அச்சுகளோ மண்ணாலானவை அல்ல. கோடரியும் அரிவாளும் மீண்டும் மீண்டும் வார்ப்பதற்கென இரும்பினாலேயே செய்யப்பட்டவை. இரும்பு அச்சு சூட்டைச் சடுதியில் உறிஞ்சுவதால் அதில் வார்த்தது வெள்ளையாக உறையும். உறைந்ததை உலையிலிட்டுப் பதப்படுத்தாமல் உழவனிடம் கொடுத்தால் முதற் கல்லிலேயே உடைந்துவிடும்.

ஐரோப்பாவில் இதனைச் சாஸ்திர ரீதியாக விவரித்த பெருமை பிரெஞ்சு விஞ்ஞானி ரெயோமூரைச் சாரும். தேனிரும்பை எஃகாக்குவதையும் வார்ப்பிரும்பை மென்மைப்படுத்துவதையும் ஒருங்கே கூறும் அவருடைய நூல் 1722-இல் பாரிஸில் வெளிவந்தது. அதற்காக அரசப் பிரதிநிதி அளித்த 12,000 லிவர் உபகாரச் சம்பளத்தைத் தமக்கென வைத்துக்கொள்ளாமல் அறிவியற் கழகத்தின் பெயருக்கே மாற்றச் செய்தார் என்பதையும் சொல்லிவைப்பது தகும். அவர் வழியில் வளர்ந்த ஐரோப்பிய முறையில், வார்ப்புகளை இரும்புத் தாதுத் தூளில் பொதிந்து காய்ச்ச, உலோகத்திலுள்ள கரி வெளியேறும். கனம் மிகுந்த வார்ப்பின் நடுப்பகுதி வரையில் இவ்விளைவு எட்டாது.

அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்து நூவர்க் நகரில் இவ்வார்ப்பை ஆக்க முயன்ற சேத் பாய்டன் 1826-இல் பெற்றதோ வேறொன்று. கரி வெளியேறாமல் உள்ளேயே சிறு முடிச்சுகளாகத் திரண்டு நின்றதனால், உடைத்துப் பார்த்தால் நடுப்பகுதி கறுத்திருந்தது. 1831-இல் அவர் காப்புரிமை பெற்றார். குதிரைச் சேணக் கொக்கிகளில் தொடங்கிய இவ்வுலோகம் நாளடைவில் ரயில் வண்டிகளின் உறுப்புகள் வரை பரவியது.

இனித் தொழிற்கூடத்து நடைமுறை. ஈர மணல் அச்சில் மெல்லிய பாகம் விரைந்து உறைந்து வெள்ளையாகும். தடித்த பாகம் தாமதித்து ஆறும்போது கரி தகடு தகடாகப் பிரிந்துவிடும். அப்படிப் பிரிந்ததை எந்த உலையாலும் திருத்த இயலாது. ஆகையால் தடித்த இடங்களில் 'சில்' எனப்படும் இரும்புக் கட்டையை மணலுக்குள் பதிப்பதுண்டு. உலோகம் ஊற்றிய வாய்க்காலைச் சுத்தியால் தட்டி முறித்து, முறிந்த முகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். வெள்ளி நிறமாயிருந்தால் உலைக்கு அனுப்புவர், சாம்பற் புள்ளிகள் தெரிந்தால் மீண்டும் உருக்கக் கொட்டிவிடுவர். மாதிரி செய்யும் தச்சர்க்கும் இதில் ஒரு சங்கடம் உண்டு: உறையும்போது ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு பங்கு சுருங்கும் வார்ப்பு, உலையில் கரி பிரியுங்கால் ஓரளவு மீண்டும் விரியும், இரண்டையும் கணக்கிட்டே மாதிரிக்கு அளவு வைத்தாக வேண்டும்.

உலையிலோ சுமார் 900 பாகை செல்சியசுக்கு மேல் வைத்த வார்ப்புகள் தம் பாரத்தாலேயே கோணிவிடக்கூடும் என்பதால், அவற்றை அடுக்கிய பானைகளில் மணலோ கசடோ நிரப்பித் தாங்கு கொடுத்தனர். நிலக்கரி உலையில் சூடேற்றம், நிலைநிறுத்தம், ஆறவிடல் யாவும் சேர்ந்து ஒரு வாரத்தை விழுங்கின. உள்ளிருக்கும் வாயுவையே கட்டுப்படுத்தும் மின்சார உலைகள் வந்தபின் பொதியும் பானையும் வேண்டாதவையாகி, காலமும் வெகுவாகக் குறைந்தது.

1948-இல் மக்னீசியம் சேர்த்து, அச்சுக்குள்ளேயே கரியை உருண்டையாக்கும் வார்ப்பிரும்பு அறிவிக்கப்பட்டது. நெடிய உலைவேலையின்றியே அது வளைந்துகொடுத்தமையால், கனத்த உறுப்புகளில் பெரும்பாலானவை அதன் வசமாயின. வீட்டுத் தண்ணீர்க் குழாய்களை இணைக்கும் எல்போ, டீ, யூனியன் போன்ற மெல்லிய சிறு உறுப்புகள் மட்டும் இன்றும் மல்லியபிள் இரும்பில் வார்க்கப்பட்டு, துத்தநாகம் பூசப்பெற்றுக் கடைக்கு வருகின்றன. அவற்றுக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 1879.