பட்டா பார்த்து வரும் பணம்

2004 பிப்ரவரியில் தர்மபுரியிலிருந்து பிரிந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. அதே ஆண்டு இரண்டு மாவட்டங்களிலும் துல்லியப் பண்ணைத் திட்டம் தொடங்கியது. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் நடத்திய இத்திட்டத்தின் இலக்கு மூன்று ஆண்டுகளில் 400 ஹெக்டேர். ஹெக்டேருக்குச் சொட்டுநீர்க் கருவிகளுக்கு 75,000 ரூபாய், சாகுபடிச் செலவுக்கு 40,000 ரூபாய் என்பது கணக்கு. முதல் ஆண்டு சேர்ந்தவர்களுக்கு முழு மானியம். பின்னால் வந்தவர்களுக்கு 90, 80 சதவீதம்.

இறுகிக் கிடந்த அடிமண்ணை உளிக்கலப்பை கிழித்தது. நிழல்வலைக் குடிலில் குழித்தட்டு நாற்றுகள் வளர்ந்தன. கரையும் உரம் சொட்டுக் குழாய் வழியே தக்காளி வேருக்குப் போனது. மானியம் இல்லாமல் இத்தனை செலவைத் துணிந்து செய்ய எத்தனை பேர் முன்வந்திருப்பார்கள்?

விவசாயிக்கு அரசு பணம் தருவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. ஆனால் அந்தக் கதை வரியில் தொடங்குகிறது. 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து இந்தப் பகுதி அடங்கிய பாராமகால் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்ததும், அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் ரயத்துவாரி முறைக்கு அங்கேதான் அடித்தளம் போட்டார்கள். ஓசூர்ப் பகுதி 1799இல் வந்து சேர்ந்தது. ஒவ்வொரு குடியானவனுக்கும் தனிப் பட்டா, தனித் தீர்வை. வரி வசூலிக்கப் பிறந்த அந்தப் பட்டாதான் பின்னாளில் உதவி வாங்கும் சீட்டாகவும் மாறியது.

1876–78 பஞ்சம், இந்தப் பகுதி அப்போது அடங்கியிருந்த சேலம் ஜில்லாவைச் சூறையாடிய பிறகு, 1883, 1884ஆம் ஆண்டுச் சட்டங்கள் விவசாயிகளுக்கான தக்காவிக் கடனை ஒழுங்குபடுத்தின. கிணறு வெட்டவும் மாடு, விதை வாங்கவும் சர்க்கார் பணம் கொடுத்தது. திருப்பிக் கட்டாவிட்டால் நிலவரி பாக்கியைப் போலவே வசூலித்தது.

சுதந்திரத்துக்குப் பின் பேச்சு கிணற்றிலிருந்து பம்புசெட்டுக்கு மாறியது. மின்கட்டண உயர்வை எதிர்த்து 1970களில் நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் போராடினார்கள். 1972இல் கோவையை மாட்டு வண்டிகளால் அடைத்தார்கள். 1984இல் எம்.ஜி.ஆர். அரசு சிறு விவசாயிகளுக்கும், 1990இல் கருணாநிதி அரசு எல்லோருக்கும் மின்சாரத்தை இலவசமாக்கின. கிணறும் மோட்டாரும் உள்ளவருக்கே அந்தச் சலுகை. வானம் பார்த்து ராகி விதைத்தவருக்கு அதில் பங்கில்லை.

இன்று சொட்டுநீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீத மானியம், மற்றவர்களுக்கு 75. ஐந்து ஏக்கர்தான் கோடு. சிட்டா, அடங்கல், நில வரைபடம், தாசில்தார் தரும் சிறு குறு விவசாயி சான்று எல்லாம் கேட்பார்கள்.

2019இல் வந்த மத்திய அரசின் பி.எம். கிசான் திட்டம் ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணையாக நிலமுள்ள விவசாயியின் வங்கிக் கணக்கில் போடுகிறது. 2020இல் தமிழ்நாட்டில் தகுதியில்லாத ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் நுழைந்து, ஏறத்தாழ 110 கோடி ரூபாய் போனது வெளிப்பட்டது. சி.பி.சி.ஐ.டி. விசாரணையில் இடைத்தரகர்களும் ஒப்பந்தப் பணியாளர்களும் சிக்கினார்கள். நிலமே இல்லாதவர்கள் பெயரில் பணம் ஏறிய அதே திட்டத்தில், குத்தகைக்கு உழுபவருக்கு விதிப்படி இடமில்லை.

சிப்காட் தொழிற்பேட்டை வந்த ஓசூர், சூளகிரி வட்டாரத்தில் குத்தகைதாரருக்கு இடமில்லாதது சின்ன விஷயமல்ல. பட்டாதாரர் கம்பெனி வேலைக்குப் போக, கொத்தமல்லியும் புதினாவும் வேறொருவர் உழைப்பில் விளையலாம். குத்தகைதாரரைப் பதிவு செய்ய 1969லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. ஆனால் குத்தகை பெரும்பாலும் வாய்ப்பேச்சோடு நிற்கிறது. எழுதிக் கொடுத்தால் நிலம் கைவிட்டுப் போகும் என்ற பயம் நிலக்காரர்களுக்கு. 2025இல் தொடங்கிய உழவர் தனித்துவ அடையாள எண் பதிவும் நில ஆவணத்தையே ஆதாரமாகக் கேட்கிறது.