ஆன்டெனா வழியே வந்த கம்ப்யூட்டர்

வீட்டுக் கம்ப்யூட்டரின் கதையை எல்லோரும் சிப்பிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். டிவி ரிப்பேர் பார்த்தே வாழ்ந்த நான், டிவிப் பெட்டியிலிருந்துதான் ஆரம்பிப்பேன். எழுபதுகளின் அமெரிக்காவில் கம்ப்யூட்டர் திரை சாமானியன் வாங்கக்கூடிய பொருளாக இல்லை. டிவியோ வீட்டுக்கு வீடு இருந்தது. அதில் நாமே எழுத்தை வரவழைக்கலாம் என்று ‘ரேடியோ எலெக்ட்ரானிக்ஸ்’ பத்திரிகையின் 1973 செப்டம்பர் இதழில் செய்து காட்டினார் டான் லங்காஸ்டர். 16 வரி, வரிக்கு 32 எழுத்து. டிவி பார்க்க மட்டும்தான் என்ற நினைப்பு அன்றைக்கு உடைந்தது.

1977இல் ஆப்பிள் 2 வந்தது. அதை வடிவமைத்த வாஸ்னியாக் அதில் வைத்தது 14.318 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல். நாலால் வகுத்தால் 3.58, அன்றைய அமெரிக்க டிவி கலருக்கு நம்பியிருந்த அதே அலைவரிசை. புள்ளிகளை அந்தத் தாளத்துக்கு ஒத்து அனுப்பினார். டிவி அதைக் கலர் என்றே எடுத்துக்கொண்டது. இவ்வளவு குறைந்த சாமானில் இவ்வளவு அழகான வேலையை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

கம்ப்யூட்டரை டிவியின் ஆன்டெனா சாக்கெட்டில் செருக, படத்தை டிவி சானல் அலையாக மாற்றும் மாடுலேட்டர் வேண்டும். அதைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே வைத்தால் ரேடியோ அலை கசிந்து மற்ற டிவிகளில் படம் கெடும் என்பதால் அமெரிக்க அரசின் விதிகள் கடுமையாக இருந்தன. ஆப்பிள் அது இல்லாமலேயே விற்றது. மார்ட்டி ஸ்பெர்ஜெல் ‘சூப்பர்மாட்’ என்ற பெயரில் மாடுலேட்டரைத் தனியாக விற்றார்.

பிரிட்டனில் 1982இல் சின்க்ளேர் கொண்டுவந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரத்தில் மாடுலேட்டர் உள்ளேயே இருந்தது. விலை 125 பவுண்டிலிருந்து. டிவியை 36ஆம் சானலுக்குத் திருப்பினால் போதும். இதிலும் வரிக்கு 32 எழுத்துதான். ஆன்டெனா வழியே 80 எழுத்தை நெருக்கினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். டிவி படத்தின் ஓரத்தை வெட்டிவிடும் என்பதால் நாலு பக்கமும் அகலமாகக் கரை விட்டார்கள்.

இப்போது என் மேஜையில் ஒரு ஸ்பெக்ட்ரம் திறந்து கிடக்கிறது. தகர டப்பி போன்ற மாடுலேட்டருக்குள் போர்டிலிருந்து இரண்டு ஒயர் போகிறது: ஒன்று 5 வோல்ட், மற்றது வீடியோ. இரண்டையும் கழற்றி, சாக்கெட்டின் நடுமுனைக்குப் போகும் உள் ரெசிஸ்டரையும் விலக்கி, வீடியோ ஒயரை நேராக அங்கே பற்றவைத்தால் டிவியின் மஞ்சள் சாக்கெட்டுக்குத் தெளிவான படம் வரும். சில எல்சிடி டிவிகள் இந்தச் சிக்னலை ஏற்பதில்லை. பிக்சர் டியூப் டிவி தகராறு செய்யாது. ஆகவே பழைய டிவியை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

பரணில் ஸ்பெக்ட்ரம் இருந்தால், கரண்ட் கொடுக்கும் முன் அடாப்டரைப் பாருங்கள். 9 வோல்ட், நடுமுனை நெகட்டிவ். இன்று கடையில் கிடைக்கும் அடாப்டர்களில் பெரும்பாலானவை இதற்கு நேர் எதிர்; அதை அப்படியே செருகினால் போர்டு போய்விடும்.