புள்ளிக் கணக்கும் பத்திரக் கணக்கும்: செட்டிநாட்டுப் பொது வீடு யாருடையது?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் சாத்தி வைத்திருக்கும் பர்மாத் தேக்குத் தூண்களைப் பார்ப்பவர்கள், வீட்டைப் பிரித்து விற்றவர்களைத்தான் நொந்துகொள்வார்கள். ஆய்வாளருக்கு வேலை வைப்பவை விற்காத வீடுகள். விற்கவும் முடியாமல் செப்பனிடவும் முடியாமல் அவை பூட்டிக் கிடப்பது ஏன்? பணமில்லை என்பது வழக்கமான பதில். ஆனால் வெளிநாட்டில் வசதியாக வாழும் பங்காளிகளின் வீட்டிலும் ஓடு சரிந்துதான் கிடக்கிறது. 'இது யார் வீடு?' என்ற கேள்விக்கு ஒன்றுக்கு மேற்பட்ட மெய்யான விடைகள் இருப்பதே முட்டுக்கட்டை என்பது என் வாதம்.

இந்த வீடுகளைக் கட்டிய நகரத்தார் சமூகத்தின் வழக்கில் கணக்கின் அலகு புள்ளி. மணமான ஆணும் மனைவியும் சேர்ந்து ஒரு புள்ளி. கோயில் வரி அதன்படி. மணமாகிப் போன மகள் கணவர் வீட்டுப் புள்ளியில் அடங்கிவிடுகிறார். வீட்டின் நடுமுற்றமான வளவைச் சுற்றிய அறைகளும் மகன்களுக்கென்றே ஒதுக்கப்பட்டவை.

சட்டத்தின் கணக்கு வேறு. அதுவும் ஒரே நிலையில் நின்றதில்லை. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முன்வரும்வரை பெண் வாரிசு குடியிருப்பு வீட்டில் பாகம் கேட்க முடியாது என்றது. தமிழகம் 1989இல் மணமாகாத மகள்களுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பிறப்புரிமை தந்தது. 2005 திருத்தம் மணமான மகள்களையும் சேர்த்து, 23ஆம் பிரிவையும் நீக்கியது. 20.12.2004க்கு முன் பதிவான பாகப்பிரிவினைகளை அது தொடவில்லை.

விபரீதம் இங்கேதான். நிலத்தையும் ரொக்கத்தையும் பிரித்துப் பத்திரம் எழுதிய குடும்பங்கள் பல, கல்யாணத்துக்கும் முன்னோருக்கான படைப்புக்கும் வேண்டுமென்று வீட்டை மட்டும் பொதுவில் விட்டன. பத்திரத்தில் சேராததால் அந்த விலக்கு வீட்டுக்கு இல்லை; பாசத்தால் விட்டுவைத்ததே இன்று கணக்கு முடியாத சொத்து.

சில சிக்கல்களில் சிக்கல் இன்னதென்று வரையறுப்பதே சிக்கல் என்று திட்டமிடல் அறிஞர்கள் ரிட்டலும் வெபரும் 1973இல் நகரத் திட்டமிடலை முன்வைத்து எழுதினார்கள். இங்கே அந்தச் சிக்கலை எண்ணியே பார்த்துவிடலாம். தலைக்கு மூன்று மகன் என்றால் வீடு கட்டியவரின் கொள்ளுப்பேரர்கள் 27 பேர். வீட்டை வெட்டிப் பிரிக்க முடியாதபோது, பாதிக்குக் குறையாத பங்குடையவர்கள் கேட்டால் நீதிமன்றம் விற்பனைக்கு உத்தரவிடலாம் என்கிறது 1893 பாகப்பிரிவினைச் சட்டம். ஆளுக்குச் சம பங்கென்றால் 14 பேர் ஒத்துவர வேண்டும். மகள்களையும் சேர்த்தால் இன்னும் கூடும். சேர்க்க வேண்டுமா என்பதிலேயே பேச்சு நின்றுவிடுகிறது.

சட்டம் சொன்ன பிறகு வழக்கத்துக்கு என்ன பேச்சு என்று கேட்கலாம். மகளின் பங்கை மறுக்கப் புள்ளியைச் சாக்காக்குவதை நானும் ஏற்கவில்லை. ஆனால் தீர்ப்பு யார் விற்கலாம் என்பதைச் சொல்லும். படைப்பன்று யார் வந்து விளக்கேற்றுவது என்பதைச் சொல்லாது. குடும்பங்கள் 'எங்கள் வீடு' என்று சொல்வது இந்த இரண்டையும் சேர்த்துத்தான்.

கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீட்டில், ஒரே அறைக் கதவில் இரண்டு பூட்டுகள் தொங்கக் கண்டேன். ஓடு உடைந்த இடம் ஒருவர் பங்கில். ஈரம் இறங்கும் சுவர் இன்னொருவர் பங்கில். ஒழுகும் நீரைப் பிடிக்கப் பித்தளை அண்டா ஒன்று வைத்திருந்தது. அது யாருடையது என்று வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவரிடம் கேட்டேன்.

"அது பொதுச் சாமான்ங்க" என்றார்.