கஹிர்மாதாக் கரையும் தம்ரா துறைமுகமும்

வங்கக் கடலில் திரியும் ஆமைகளுள் ஒன்றைத் தமிழ் மீனவர் 'பங்குனி ஆமை' என்று வழங்குவர். முட்டையிட அது கரையேறும் பருவத்தை வைத்து இட்ட பெயர். ஆங்கிலத்தார் ஓட்டின் நிறத்தைக் கண்டு ஆலிவ் ரிட்லி என்றனர். மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட எனக்கு நம் பரதவர் சொல்லே பொருள் செறிந்ததாகத் தோன்றுகிறது. இவ்வாமையின் பொருட்டு ஒடிசாக் கரையில் நிகழ்ந்த நெடிய வழக்கொன்றை இங்கே கூறுவேன். புவனேசுவரத்திலும் கட்டாக்கிலும் வாழும் தமிழன்பர்கள் இதில் ஒரு பகுதியையேனும் கேள்வியுற்றிருப்பர்.

பிராமணியும் வைதரணியும் கூடித் தம்ரா என்னும் பெயருடன் கடலிற் கலக்கின்றன. அம்முகத்துவாரத்திற்குத் தெற்கே, கேந்திரபாரா மாவட்டத்தில், சந்தடி எட்டாத மணற்கரை ஒன்றுண்டு. அதுவே கஹிர்மாதா. ஆண்டின் சில இரவுகளில் இலட்சக்கணக்கான பெண் ஆமைகள் ஒருங்கே இக்கரையேறி, பின்துடுப்புகளாற் குழி பறித்து, ஒவ்வொன்றும் நூறு முட்டை அளவில் இட்டு, மணலால் மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பும். முதலைகளைப் பற்றி ஆலோசனை கூற வந்த பஸ்டர்ட் என்னும் அறிஞர் 1974இல் இக்காட்சியை அறிவியல் உலகிற்குத் தெரிவித்தார். ஊராருக்கு அது புதுச் செய்தியன்று; உரிமம் பெற்றோர் முட்டைகளைப் படகு படகாக வாரிக் கல்கத்தாவுக்கு அனுப்பி வந்த காலம் அது. 1975இல் பிதர்கனிகா வனவிலங்குச் சரணாலயம் ஏற்பட்டது. 1997இல் கடற்பரப்பையும் சேர்த்து 1,435 சதுர கிலோமீட்டர் கஹிர்மாதா கடல் சரணாலயமாயிற்று.

மறு ஆண்டே, 1998இல், முகத்துவாரத்தின் வடபுறம் தம்ராவில் ஆழ்துறைமுகம் அமைக்க ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. உள்நாட்டுச் சுரங்கங்களின் இரும்புத் தாதுவுக்கும், ஆலைகளுக்கு வேண்டிய நிலக்கரிக்கும் அது வாயிலாகும் என்பது ஆதரித்தோர் வாதம். வறிய கடற்கரை மாவட்டங்களில் அதனை எளிதில் புறக்கணிக்க இயலாது.

எதிர்த்தோர் அஞ்சியது முதலாவதாக விளக்கொளியை. முட்டையினின்று வெளிப்படும் குஞ்சுகள் இரவில் ஒளிமிகுந்த அடிவானத்தை நோக்கியே ஊரும். மனிதன் தலையிடாத கரையில் அது கடல். துறைமுக விளக்குகள் எரியுமாயின் அவை நிலத்தை நோக்கித் திரும்பி மடியும். அடுத்தது, கடலடியைத் தூர்வாரும் கப்பல்கள் மணலோடு ஆமைகளையும் உறிஞ்சிவிடும் என்பது. உச்சநீதிமன்றம் அமைத்த மத்திய அதிகாரக் குழு 2004இல் வேறிடம் தேடுமாறு பரிந்துரைத்தது. ஆயினும் டாட்டா ஸ்டீலும் லார்சன் அண்டு டூப்ரோவும் கூட்டாக மேற்கொண்ட பணி நிற்கவில்லை. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் துறைமுகத்தார்க்கு ஆலோசனை கூற இசைந்தபோது, இந்திய ஆமை அறிஞர் சிலரே அதனை வெளிப்படையாக மறுத்தனர்.

வழக்கில் வேடிக்கையும் கலந்தது. கிரீன்பீஸ் அமைப்பு 2010இல், ஆமை டாட்டாவிடமிருந்து தப்பியோடும் கணினி விளையாட்டு ஒன்றை வெளியிட்டது. நிறுவனம் மானநஷ்ட வழக்குத் தொடர்ந்தது. தில்லி உயர்நீதிமன்றம் 2011 சனவரியில் தடை விதிக்க மறுத்தது. பொது நலம் பற்றிய விமர்சனம் கேலியாக வரினும் வாயடைக்கத் தக்கதன்று என்பதே அதன் போக்கு. அவ்வாண்டே துறைமுகம் திறக்கப்பட்டுவிட்டது.

எதிர்ப்பு முற்றிலும் வீணாயிற்றென்று நான் கருதவில்லை. விளக்குகளுக்கு மறைப்பிடவும், தூர்வாரும் கருவிகளில் ஆமையை விலக்கும் சட்டங்கள் பொருத்தவும் நேர்ந்தது அதனாலேயே. 2025இல் ஏறத்தாழ 6 இலட்சம் ஆமைகள் கஹிர்மாதாவில் முட்டையிட்டன. துறைமுகத்தார் இதனைத் தம் சான்றாகக் காட்டக்கூடும். ஆனால் துறைமுகமே இல்லாத 1997, 1998, 2002 ஆகிய ஆண்டுகளில் ஆமைக் கூட்டம் வராமலும் இருந்ததுண்டு. ஒரு பருவத்தின் வரவைக் கொண்டு எவரும் தீர்ப்பெழுத முடியாது.

என் மனத்தை உறுத்துவது வேறொன்று. இழுவை வலைகளிற் சிக்கி ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான ஆமைகள் மூச்சுமுட்டி இறப்பதால், நவம்பர் முதல் மே வரை அப்பகுதியில் மீன்பிடிக்கத் தடை உண்டு. தடை வேண்டியதே. ஆயினும் அந்த ஏழு மாதமும் சிறு மீனவரின் படகுகள் மணலில் ஏறிக் கிடக்க, சுமார் 18 கிலோமீட்டர் நீளமுள்ள தம்ராக் கால்வாயின் வழியே நிலக்கரிக் கப்பல்கள் வந்து போய்க்கொண்டிருக்கின்றன.